வேலை இல்லாத மூணு நாலு மாசத்தை எப்படி உருப்படியா கழிக்கறது? (திருப்பூர், செக்கிங் சூப்பர்வைசர்)

நொய்யல்_கரை:

வணக்கமுங்க. பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசரா இருந்தேன். ஆர்டர் குறைஞ்சதுல ஆளைக் குறைச்சுட்டாங்க. வயசு 29, பிளஸ் டூ படிச்சிருக்கேன். வாடகை, பையன் ஸ்கூல் பீஸ் எல்லாம் சேர்த்து மூணு நாலு மாசம் தாங்கற அளவுக்குக் கையில இருக்கு. வேலை தேடறது ஒரு பக்கம் நடக்குது, ஆனா அதுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகறதில்லை. மீதி நேரமெல்லாம் போன்லயே போயிடுது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 படிக்கலாமா? மோட்டார் ரீவைண்டிங் (எரிஞ்ச மோட்டாருக்குக் கம்பிச் சுருள் மாத்திச் சுத்தறது) மாதிரி வேற தொழில் கத்துக்கலாமா? இல்ல இதே லைன்லயே ஏதாவது பார்க்கலாமா? அதிகம் செலவு பண்ண முடியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சம்பளப்_பட்டியல்:

படிப்பு, பயிற்சியெல்லாம் ரெண்டாவது வாரத்துலிருந்து வச்சுக்கங்க தம்பி. முதல் வாரம் காகித வேலைக்கு.

கம்பெனில உங்க முகம் மறக்கறதுக்குள்ள சர்வீஸ் சர்ட்டிபிகேட்டும் கடைசி மூணு மாச சம்பள ரசீதும் வாங்கிடுங்க. அஞ்சு வருஷம் முடிஞ்சிருந்தா கிராஜுவிட்டி உண்டு: கடைசி அடிப்படைச் சம்பளம் + பஞ்சப்படி, அதை 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி, அப்புறம் எத்தனை வருஷமோ அதால பெருக்கணும். எழுதிக் கேட்டாத்தான் நிறைய இடத்துல நகரும். வாய்ல கேட்டா "பார்க்கலாம்"னு சொல்லுவாங்க.

அடுத்து பி.எஃப். பி.எஃப். இணையதளத்துல யுஏஎன் (உங்க பி.எஃப். நம்பர்) போட்டு உள்ள போய், சர்வீஸ் ஹிஸ்டரில வேலையை விட்ட தேதி ஏறியிருக்கான்னு பாருங்க. அது ஏறாம பணமும் எடுக்க முடியாது, புதுக் கம்பெனிக்கு மாத்தறதும் இழுக்கும். கம்பெனி ஏத்தலைன்னா, கடைசிச் சந்தா போட்டு ரெண்டு மாசம் ஆனதும் நீங்களே ஏத்திக்கலாம். ஆதார்ல இருக்கற நம்பருக்கு ஓடிபி வரும். கடைசிச் சந்தா எந்த மாசமோ, தேதி அந்த மாசத்துக்குள்ள இருக்கணும். தப்பா போட்டுட்டா திருத்தறதுக்குப் பெரிய அலைச்சல். நம்ம ஊர்ல இன்னொரு தொல்லை இனிஷியல். ஆதார்ல அப்பா பேரை முழுசா போட்டிருப்பாங்க, பி.எஃப்.ல ஒத்தை எழுத்து இருக்கும். கிளைம் திரும்பி வர்றதுக்கு இதுவே போதும். சும்மா இருக்கற நாள்லயே அதைச் சரி பண்ணிக்கங்க.

அவசரம் இல்லைன்னா பி.எஃப்.ஐ எடுக்காதீங்க. அஞ்சு வருஷ சர்வீஸுக்கு முன்னால எடுத்தா வரி வரலாம். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேணும், நடுவுல முழுசா எடுத்துட்டா அந்தக் கணக்கு மறுபடி முதல்லயிருந்து. புதுக் கம்பெனிக்கு மாத்திக்கறதே மேல்.

இ.எஸ்.ஐ. கார்டு வேலை போன அன்னைக்கே செத்துடாது. ஏப்ரல்–செப்டம்பர்ல கட்டின சந்தாவுக்குச் சலுகைக் காலம் ஜனவரி–ஜூன். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை–டிசம்பர். சந்தா நாள் போதுமான அளவு இருந்தா, தள்ளிப் போட்டுட்டே வந்த வைத்தியத்தை இப்ப முடிச்சுக்கலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு பழசா இருந்தா மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், மறந்துடாதீங்க. வேலையில்லாதவங்களுக்கான உதவித்தொகையை நம்பி எதையும் போட்டு வைக்க வேண்டாம். பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், வருமான வரம்பும் இருக்கு. பிளஸ் டூவுக்கு மாசம் 400 ரூபாய்தான்.

---

ஃபேப்ரிக்_டு_ஷிப்மென்ட்:

இதே லைன்லயே மேல ஏறுங்க, அதுதான் சீக்கிரம் பலிக்கும். செக்கிங் தெரிஞ்ச ஆளுக்கு அடுத்த படி பையிங் ஆபீஸ்ல (பையருக்காக ஆர்டரைப் பார்த்துக்கற ஆபீஸ்) க்யூ.சி., அதாவது தரம் பார்க்கற ஆள், இல்லைன்னா மெர்ச்சண்டைசிங் (ஆர்டரை ஷிப்மென்ட் வரைக்கும் கவனிக்கற வேலை) உதவியாளர். அங்க கண்ணால குறை கண்டுபிடிச்சா மட்டும் போதாது, நம்பர் கேப்பாங்க. வீட்ல இருந்தே மூணு கணக்கைக் கரைச்சுக் குடிச்சுடுங்க.

ஒண்ணு, ஏகியூஎல், அதாவது ஒரு லாட்ல சாம்பிள் எடுத்துப் பார்த்து எத்தனை குறை வரைக்கும் பாஸ் பண்ணலாம்ங்கற கணக்கு. 3000 பீஸ் லாட்னு வைங்க. ஜெனரல் லெவல் 2 அட்டவணைல 1201–3200 வரிசைக்கு 'கே' எழுத்து, அதாவது 125 பீஸ் சாம்பிள். மேஜருக்கு (பெரிய குறை) ஏகியூஎல் 2.5-ன்னா 7 வரைக்கும் பாஸ், 8 வந்தா ஃபெயில். மைனருக்கு (சின்னக் குறை) 4.0-ன்னா 10 பாஸ், 11 ஃபெயில். அட்டவணையை மனப்பாடம் பண்ண வேண்டாம், பார்த்துப் படிக்கத் தெரிஞ்சா போதும். தப்பு நடக்கறது சாம்பிள் எடுக்கற இடத்துலதான். கைக்கு எட்டற ரெண்டு பெட்டியைப் பிரிச்சு 125-ஐயும் அதுலயே எடுத்துடுவாங்க. மொத்தப் பெட்டியோட வர்க்கமூலத்தை எடுத்துக்கறதுதான் வழக்கம்: 60 பெட்டின்னா 8 பெட்டி. அதுல எல்லாக் கலரும் எல்லா சைஸும் வந்தாகணும்.

ரெண்டு, துணிக்கு 4 பாயின்ட் முறை, அதாவது துணில இருக்கற குறையோட நீளத்துக்குத் தகுந்த மாதிரி பாயின்ட் போடறது. குறை 3 இன்ச் வரைக்கும்னா 1, 6 வரைக்கும் 2, 9 வரைக்கும் 3, அதுக்கு மேல 4. ஒரு கெஜத்துக்கு எத்தனை குறை இருந்தாலும் 4-க்கு மேல போடக்கூடாது. மொத்தப் பாயின்ட்டை 3600-ஆல பெருக்கி, கெஜ நீளம் × இன்ச் அகலத்தால வகுத்தா 100 சதுர கெஜத்துக்கு எத்தனைன்னு வரும். 100 கெஜம், 60 இன்ச் அகலம், 45 பாயின்ட்னா 27. நிறைய பையர் 40 வரைக்கும் ஏத்துக்கறாங்க.

மூணாவதுதான் சோறு போடறது: துணி கன்சம்ப்ஷன், அதாவது ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி ஆகும்ங்கறது. ரவுண்ட் நெக் டி-ஷர்ட், பாடி நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, ரெண்டுக்கும் சேர்த்து மடிப்பு, தையலுக்கு 10. கூட்டினா 104. பாதி மார்பு 54, அதோட 4 சேர்த்து 58. 104 × 58 × 2 = 12,064 சதுர செ.மீ. இதை 180 ஜிஎஸ்எம்மால (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறது) பெருக்கி 10,000-ஆல வகுத்தா 217 கிராம். சேதாரம் 10 சதவீதம் போட்டா 239. கழுத்து ரிப் தனிக் கணக்கு. புதுசா போடறவங்க பண்ற தப்பு, முழு மார்பு 108-ஐப் போட்டுட்டு மறுபடியும் 2-ஆல பெருக்கறது. துணி அப்படியே டபுள் ஆயிடும்.

180 வர வேண்டிய துணி 190 வந்து இறங்கினா பீஸுக்கு 12 கிராம் கூட. 5000 பீஸ் ஆர்டர்ல, சேதாரம் சேர்க்காமலே 60 கிலோ துணி பத்தாம போகும். இன்டர்வியூல உங்ககிட்ட கேக்கப் போற கேள்வி இந்த மாதிரிதான்.

கையில இருக்கற அஞ்சாறு டி-ஷர்ட்டை அளந்து, கூகுள் ஷீட்ஸ்ல சைஸ் வாரியா ஒரு பக்கம் தயார் பண்ணுங்க. ஸ்மால்லயிருந்து டபுள் எக்ஸெல் வரைக்கும், அளவை மாத்தினா கிராம் தானா மாறணும். போன்லயே பண்ணலாம்; இன்டர்வியூவுக்குப் போறப்ப அதைக் காட்டுங்க. ஜிஎஸ்எம் பார்க்கக் கட்டர் வேணும்னு இல்லை. 10-க்கு 10 செ.மீ. துணி வெட்டி, 0.01 கிராம் காட்டற சின்னத் தராசுல நிறுத்து 100-ஆல பெருக்கினா அதேதான். ரவுண்ட் கட்டர் வெட்டறதும் 100 சதுர செ.மீ.தானே.

---

அந்தியூர்_தேர்வர்:

குரூப் 4-ஐ வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நாலு மாசத்துல வேலை வேணுங்கறவருக்கு அது பதில் இல்லை. அறிவிப்பு, பரீட்சை, ரிசல்ட், கவுன்சலிங்னு அது தன் வேகத்துலதான் வரும். தினமும் ரெண்டு மணி நேரம் ஒதுக்கி, வேலை கிடைச்ச பிறகும் விடாம படிக்கறதா இருந்தா ஆரம்பிங்க.

200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். அதுல 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. தமிழ்ல 40 சதவீதம், அதாவது 60 மார்க் வரலைன்னா மீதியைத் திருத்தவே மாட்டாங்க. அதனால ஆறாவதுலிருந்து பத்தாவது வரைக்கும் தமிழ்ப் பாடப் புத்தகம்தான் முதல்ல. கைடு வாங்கிக் காசைக் கரைக்காதீங்க, பாடநூல் எல்லாம் இணையத்துல இலவசமா கிடைக்குது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம்னு ஒண்ணு இருக்கு, இலவச வகுப்பு எடுக்கறாங்க. எந்த நேரம்னு நேர்ல கேட்டுக்கங்க.

இதோட டைப்ரைட்டிங்கையும் சேர்த்துக்கங்க. யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா சும்மா இருக்கறவங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கட்டணம் கம்மி, காலைல ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்கு மெஷின் உங்களுக்குன்னு ஒதுக்கியிருப்பாங்க, அதுக்காகவே எந்திரிச்சுக் குளிச்சுக் கிளம்பியாகணும். ஜூனியருக்கு ஆங்கிலத்துல நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. அரசுப் பரீட்சை பிப்ரவரி, ஆகஸ்ட்ல. தட்டச்சர் பணிக்கும் ஆகும், மெர்ச்சண்டைசிங் மேஜைல மெயில் அடிக்கவும் ஆகும். கீயைப் பார்க்காம அடிக்கப் பழகற வரைக்கும் வேகத்தை நினைக்காதீங்க. பார்த்தே அடிச்சுப் பழகினா 20-லயே நின்னுடும்.

---

கிணத்துக்கடவு_காயில்:

ரீவைண்டிங் பத்தி மட்டும் சொல்றேனுங்க. மாவட்ட முன்னோடி வங்கி நடத்தற கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துல இது இருக்கு. பயிற்சியும் சாப்பாடும் இலவசம், சுமார் ஒரு மாசம். ஒரு மாசத்துல காயில் சுத்த வரும், தொழில் வராது. பழைய காயிலை அறுக்கறதுக்கு முன்னாடி ஸ்லாட் (காயில் உக்கார்ற பள்ளம்) எத்தனை, ஒரு காயிலுக்கு எத்தனை சுத்து, கம்பி கேஜ் (தடிமன்) எவ்வளவு, எந்த ஸ்லாட்லயிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகுது, கனெக்ஷன் எப்படி, எல்லாத்தையும் எழுதி வைக்கணும். கேஜை மைக்ரோமீட்டர்ல பார்க்கணும், கண்ணால சொல்லக்கூடாது. கம்பி மெல்லிசாப் போனா மோட்டார் சூடேறி மறுபடி எரிஞ்சு உங்ககிட்டயே வரும். சுத்தி முடிச்சதும் மூணு ஃபேஸ் ஓம்ஸும் ஒண்ணா இருக்கான்னு பார்த்து, மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கற மீட்டர்) போட்டு பாடிக்குக் கரண்ட் கசிவு இல்லைன்னு உறுதி பண்ணித்தான் மூடணும். இதெல்லாம் கைல நிக்க ஒரு கடைல ஆறு மாசமாவது நிக்கணும், அந்த ஆறு மாசமும் கூலி கம்மி. கையிருப்பு நாலு மாசத்துக்குத்தான்னா இப்போதைக்கு வேண்டாம். கோடையில போர் மோட்டார் வரிசையா எரியற சமயத்துல கடைக்காரங்களுக்கு ஆள் தேவைப்படும், ஆசை இருந்தா அப்பப் போய்ப் பாருங்க.

---

சம்பளப்_பட்டியல்:

ஒண்ணு விட்டுட்டேன். வீட்ல இருந்தே பேக்கிங், டைப்பிங் வேலைன்னு முன்பணம் கேக்கறவங்க, டெலிகிராம்ல ரேட்டிங் போட்டா காசுங்கறவங்க, ரெண்டு பேரும் ஏமாத்துக்காரங்கதான். முதல்ல 150, 200 போட்டு விடுவாங்க, அப்புறம்தான் பெருசா கட்டச் சொல்லுவாங்க. பணம் போயிட்டா உடனே 1930-க்குக் கூப்பிடணும்.

---

நொய்யல்_கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. ரீவைண்டிங்கை விட்டுட்டேன். டைப்ரைட்டிங்கும் கணக்கும்தான்.

ஒரு சந்தேகம். வீட்ல இருந்த பழைய டி-ஷர்ட்டை 10-க்கு 10 வெட்டி நிறுத்தா 1.96 கிராம், அதாவது 196 ஜிஎஸ்எம் வருது. அது 180 ஜிஎஸ்எம் துணின்னு எனக்கு நல்லாத் தெரியும், நான் செக் பண்ணின ஸ்டைல்தான். தராசு தப்பா?

---

ஃபேப்ரிக்_டு_ஷிப்மென்ட்:

தராசு சரியாத்தான் இருக்கும். அந்த டி-ஷர்ட் எத்தனை துவைப்பு பார்த்திருக்கும்? நீளத்துல 5 சதவீதம், அகலத்துல 3 சதவீதம் சுருங்கினா 180-ஐ 0.95-ஆலயும் 0.97-ஆலயும் வகுங்க: 195 வரும். உங்க நம்பர் அதுதான்.

வெட்டறதுல வர்ற பிழையையும் பாருங்க. பக்கத்துக்கு 1 மி.மீ. கூடப் போனா 10 செ.மீ. சதுரத்துல 2 சதவீதம், அதுவே 3, 4 ஜிஎஸ்எம். 20-க்கு 20 வெட்டி எடையை 25-ஆல பெருக்கினா அந்தப் பிழை பாதியாயிடும். துணியை மேஜைல இழுக்காம விரிச்சு, அட்டைல வெட்டின அச்சை வச்சு, கத்தரிக்குப் பதிலா பிளேடுல வெட்டுங்க. தையல், மடிப்பு, பிரிண்ட் வர்ற இடம் வேண்டாம். முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு எடுத்து சராசரி போடுங்க. ஈரப்பதமும் ஏறக்கூடாது, கொடில காயப்போட்டு எடுத்த உடனே நிறுக்காதீங்க.

துவைக்காத துணில பழகணும்னா காதர்பேட்டைல கட்பீஸ் கிலோ கணக்குல விக்கறாங்க, அரைக் கிலோ போதும். சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக்னு வகைக்கு ஒண்ணு எடுங்க. முதல்ல தடவிப் பார்த்து ஒரு ஜிஎஸ்எம் எழுதி வச்சுட்டு, அப்புறம் நிறுத்துப் பாருங்க.