அர்மன்யாக், கோன்யாக் இரண்டும் ஒன்றுதானா?

பொருநைக்கரை:
அண்ணாச்சிமாரே, மச்சான் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான், பொங்கலுக்கு பாளையங்கோட்டை வருகிறான். அங்கே பக்கத்தில் கஸ்கோன் நாட்டுப்புறத்தில் அர்மன்யாக் என்ற பிராந்தி பேர்போனதாம். கோன்யாக்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம், எதை வாங்கிவரச் சொல்லட்டும்?

தேரிக்காட்டான்:
ஒன்றில்லை தம்பி. இரண்டுமே வெள்ளைத் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடிப்பதுதான், ஆனால் கோன்யாக்கை இரண்டு தடவை வடிப்பார்கள், அர்மன்யாக்கைப் பெரும்பாலும் ஒரே தடவைதான், அதனால் பழவாசனையும் ஒரு முரட்டுத்தனமும் அதில் தங்கிவிடும், அப்புறம் ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்துதான் பதமாகும். லேபிளில் பா-அர்மன்யாக் என்று இருந்தால் யோசிக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அது அர்மன்யாக் வட்டாரத்தில் ஒரு பகுதி, அந்தப் பக்கத்து மண் நம்ம திசையன்விளைத் தேரி மாதிரி மணல் பாங்கு, சரக்கு நயமாக இருக்கும். வருஷம் போட்டிருந்தால் அது திராட்சை அறுத்த வருஷம். பாட்டிலில் அடைத்தபின் வயது ஏறாது, பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். சோடா, ஐஸ் வேண்டவே வேண்டாம், கொஞ்சமாக ஊற்றி கிளாஸைக் கையில் வைத்திருந்தால் அந்தச் சூட்டிலேயே வாசனை எழும்பும்.

வள்ளியூரான்:
பிராந்தி வீரியம் ஒத்துக்காதவர்களுக்கு ஃப்ளோக் இருக்கிறது. புளிக்காத திராட்சைச் சாற்றில் இளம் அர்மன்யாக் கலந்தது, ஆல்கஹால் 16 முதல் 18 சதவீதம்தான், இனிப்பாக இருக்கும். நன்றாகக் குளிரவைத்து சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கணும். எனக்கு இதுதான் உசத்தி.

பொருநைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஆட்டுக்கறிக்கு ஏதாவது?

தேரிக்காட்டான்:
மதிரான். தன்னா திராட்சையில் செய்த கருஞ்சிவப்பு ஒயின், நல்ல துவர்ப்பு, கறிக்குப் பொருந்தும். ஆனால் இந்தியா வரும்போது சுங்கத்தில் ஒருவருக்கு மது மொத்தம் 2 லிட்டர் வரைதான் வரியில்லாமல் விடுவார்கள், கணக்குப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.