உளுந்து ஒட்டுக் கட்டினால் மொக்கு உதிர்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தொண்டிக் கடலோரத்தில் உளுந்தில் ஒட்டுக் கட்டுகிறோம் (ஒரு ரகப் பூவில் வேறு ரக மகரந்தம் தடவிக் கலப்பு விதை எடுப்பது). மாலை 4 மணிக்கு மேல், மறுநாள் விரியவேண்டிய மொக்கை இடுக்கியால் திறந்து பத்து மகரந்தத் தாள்களையும் எடுக்கிறோம். படகிதழ் (பூவின் அடியிதழ்) சுருண்டிருப்பதால் சூல்முடி (மகரந்தம் ஏற்கும் நுனி) எளிதில் நசுங்கும். காலை 6 முதல் 8 மணிக்குள் மகரந்தம் தடவுகிறோம். அதே கொத்தின் மற்ற மொக்கு, பிஞ்சுகளைக் கிள்ளியும் இரண்டாம் நாளே பெரும்பாலானவை உதிர்கின்றன.

காயமா, உப்புக்காற்றின் வறட்சியா? ஈரப்பஞ்சு சுற்றி பட்டர் பேப்பர் உறை போட்டவர்கள் பலனைச் சொல்லுங்கள்.

பெண் செடி பச்சைத்தண்டு, மகரந்தம் தரும் ஆண் செடி ஊதாத்தண்டு. ஊதா ஓங்கு பண்பு (கலப்பில் வெளிப்படும் பண்பு) என்பதால், ஒட்டாமல் தன் மகரந்தத்திலேயே உண்டான தன்விதை பச்சைத்தண்டாக முளையிலேயே தெரிந்துவிடும். துவரையைப்போல் பூச்சிகள் மகரந்தம் பரப்பாததால் உளுந்தில் வீரிய ஒட்டு விதை விற்பனைக்குக் கட்டாது. இரண்டாம் தலைமுறையில் பெற்றோரை மிஞ்சும் செடிகளைப் பொறுக்கவே இந்தப் பாடு. அதற்கு 30 ஒட்டு விதையாவது வேண்டும்.