வேஃபேரர் மாடல் கூலிங் கிளாஸ்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

கீழவாசல்:
அப்பா 1988-இல் மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்த கறுப்பு ரேபான் வேஃபேரர். அவர் போன பிறகு பீரோவில் கிடந்ததை எடுத்துப் போட்டேன், காதில் மாட்டும் இடது பக்கம் கொஞ்சம் லூசு, அவ்வளவுதான். கடையில் கொடுத்தேன். அந்தத் தம்பி சூடு காற்று வரும் மிஷினில் சில விநாடி காட்டிவிட்டு வளைத்தான். முறுக்கு ஒடிவது மாதிரி ஒரு சின்னச் சத்தம். கீல் இருக்கும் இடத்தில் ஃபிரேம் இரண்டாகிவிட்டது. அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. லென்ஸ் ஓரத்தில் பொடியாகச் செதுக்கிய 'பிஎல்' (அப்போது ரேபான் தயாரித்த பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனியின் முத்திரை) மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அதே வடிவத்தில் வேறொரு கம்பெனியின் ரெட்ரோ மாடலைப் போடுகிறேன். முகம் அப்பா ஜாடைதான், ஆனால் கையில் எடுத்தால் கனமே இல்லை. அது நிஜக் கண்ணாடி லென்ஸ், இது பிளாஸ்டிக்.

இரண்டாம்கியர்:
மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அண்ணே. என்னுடையது பீச்சில் 250 ரூபாய்க்கு வாங்கியது, அதே வடிவம், கன்னங்கரேல் லென்ஸ். சாயங்காலம் மகளைப் பின்னால் வைத்து வந்தபோது மரநிழலில் வேகத்தடை கண்ணில் படவில்லை. அவள் மூக்கு என் முதுகில் மோதி இரத்தம். "தெரியலையாப்பா?" என்றாள். கழற்றிப் பார்த்தால் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கிறது.

வடக்குவீதி:
இரண்டாம்கியர், விலை மலிவு என்பதால் நடந்தது இல்லை அது. ரேபானின் பழைய ஜி-15 பச்சை லென்ஸே 15 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும், உச்சி வெயிலுக்குச் சரி, சாயங்கால நிழலுக்கு அதுவும் ஆகாது. 8 சதவீதத்துக்கும் குறைவாக விடுகிற நான்காம் வகை லென்ஸைப் போட்டுக்கொண்டு வண்டியே ஓட்டக் கூடாது. அப்புறம், கறுப்பாக இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுப்பு லென்ஸ் இன்னும் மோசம், இருட்டுக்குக் கண் பாப்பா விரிந்து அந்தக் கதிர் அதிகமாக உள்ளே போகும். யுவி 400 (புற ஊதாக் கதிரைத் தடுக்கும்) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் நம்பாமல், அதை அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் கடையில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கீழவாசல், ஃபிரேம் செய்யும் அசிடேட் பிளாஸ்டிக் நாளாக ஆக இளக்கம் போய் நொறுங்கும், அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லாதீர்கள். நானும் ஒன்று வாங்கினேன், கன்னத்தில் உட்கார்ந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆமைஓடு:
கன்னத்தில் உட்காருவதைக் குறையாகச் சொல்கிறீர்களே! 1950-களில் ரேமண்ட் ஸ்டெக்மன் வடிவமைத்ததே முன்பக்கம் சாய்ந்த ஃபிரேம்தான். 2001-இல் ரேபான் கம்பெனியே அதைச் சின்னதாக்கிச் சாய்வைக் குறைத்தது, 2007-இல் பழைய வடிவத்தையே திரும்பக் கொண்டுவந்தது. சாய்வை எடுத்துவிட்டால் அது வேஃபேரரே இல்லை. பழைய பொருள் கடை ஒன்றில் 'பிஎல்' போட்ட ஆமை ஓட்டு நிற ஃபிரேம் கையில் கிடைத்தும் 200 ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசி, படியாமல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் இல்லை. அந்த 200 ரூபாயை இன்னும் மறக்க முடியவில்லை.

கீழவாசல்:
வடக்குவீதி சார், தம்பியைக் குறை சொல்லவில்லை, வளைக்கச் சொன்னதே நான்தான். லென்ஸ் இரண்டும் கீறல் இல்லாமல் இருக்கின்றன. உள்ளே 50-22 (லென்ஸ் அகலமும் மூக்குப் பால அகலமும், மில்லிமீட்டரில்) என்று போட்ட புது ஃபிரேமில் பழைய லென்ஸை உட்கார வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.