புதுப்பிப்பு: பழைய எழுத்துருவில்தான் வேண்டும் என்ற அலுவலகம்

முன்கதை: ஒருங்குறியில் (எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற பொதுவான எழுத்துக் குறியீடு, யூனிகோடு) தட்டி அனுப்பிய அறிவிப்பை ஓர் அரசு அலுவலகம் திருப்பி அனுப்பி, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கேட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். வேலை ஒருவழியாக முடிந்தது.

பலரும் சொன்னபடி, ஒருங்குறியைப் பாமினிக்கு மாற்றித் தரும் மென்பொருளில் போட்டேன். தமிழ் ஒழுங்காகவே வந்தது. ஆனால் மொத்தக் கோப்புக்கும் பாமினியைக் கொடுத்ததும் அதிலிருந்த மின்னஞ்சல் முகவரி ஏதோ புரியாத மந்திரமாகிவிட்டது. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை உட்கார வைத்திருக்கிறது. அரைப்புள்ளி விசைதான் அதில் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

"இதற்கு அரசாணை இல்லையா?" என்று கேட்டவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2010இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டியே ஒருங்குறி அரசுத் தரமாகிவிட்டது. அதை அந்த அலுவலகத்தில் மெதுவாக எடுத்துச் சொன்னேன். "எல்லாம் சரிதான் சார், எங்க படிவம் பழசு" என்றார் அங்கிருந்தவர். அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் படிவத்தைச் செய்தவர் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டார். அதைத் தொட்டுக் கெடுத்துவிட்டால் இவர் தலைதான் உருளும்.

கடைசியில் நடந்ததுதான் வேடிக்கை. கோப்பை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, படமாகத்தான் இணையத்தில் ஏற்றினார்கள். அதில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.