எஸ்சிட்டலோபிராமில் அந்த ‘எஸ்’ எதற்கு?

பின்பனி:
அம்மா ஒன்றரை வருடமாக சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து 20 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். போன வாரம் மருத்துவர் அதை எஸ்சிட்டலோபிராம் 10 என்று மாற்றி எழுதினார். “இனிமேல் இது” என்றார், நாங்களும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி இல்லை. “அளவைப் பாதியாக்கிவிட்டார், இது எனக்குப் போதுமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். நேற்று ராத்திரி பழைய அட்டையிலிருந்து ஒன்று, புதியதிலிருந்து ஒன்று என இரண்டையும் உள்ளங்கையில் வைத்திருந்தார். மிச்சம் இருப்பதை வீணாக்க வேண்டாமே என்று நினைத்தாராம். வாயில் போடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்கள் வேறு வேறு, அதனால் மருந்தும் வேறு என்று நம்பியிருக்கிறார். இரண்டும் ஒன்றா? அந்த ‘எஸ்’ என்றால் என்ன?

மாத்திரை அக்கா:
தம்பி, முதலில் பழைய அட்டையை அம்மா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. இவை மூளையில் கூட்டுகிற செரோடோனின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறினால் நடுக்கம், படபடப்பு, காய்ச்சல் வரை போகலாம். இந்த இரண்டு மருந்துமே அளவு கூடினால் இதயத் துடிப்பின் ஒழுங்கையும் கெடுக்கக்கூடியவை. நல்லவேளை, நீங்கள் பார்த்தீர்கள்.

இருபது வருடத்துக்கு மேல் மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ‘எஸ்’ஸைப் பார்த்து ‘வீரியம் கூடியது’ என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது ‘சினிஸ்டர்’ என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து. இடது என்று பொருள். சிட்டலோபிராம் மூலக்கூறுக்கு இரண்டு வடிவம் உண்டு, நம் இரண்டு கைகளைப் போல. விரல்கள் அதேதான், ஆனால் வலது கையுறை இடது கைக்குச் சேராது. பழைய மாத்திரையில் இரண்டு வடிவமும் சரிபாதி கலந்திருக்கும். செரோடோனினை நரம்பணு திரும்ப உறிஞ்சாமல் தடுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இடது வடிவம்தான். அதை மட்டும் பிரித்து எடுத்ததுதான் எஸ்சிட்டலோபிராம்.

இப்போது கணக்குப் பாருங்கள். பழைய 20-இல் இடது வடிவம் 10 இருந்தது. புதிய மாத்திரையிலும் அதே 10. அம்மாவுக்கு எதுவும் குறையவில்லை, இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். வயிற்று எரிச்சலுக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் ஜோடியிலும் அந்த ‘எஸ்’ இதே இடதுதான்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனம் சிட்டலோபிராமை சிப்ராமில் என்றும் எஸ்சிட்டலோபிராமை சிப்ராலெக்ஸ் என்றும் விற்றது. அமெரிக்காவில் இவையே செலெக்சா, லெக்சாப்ரோ. செலெக்சாவையும் செலிப்ரெக்ஸ் என்ற மூட்டுவலி மருந்தையும் மாற்றிக் கொடுத்த தவறுகள் அங்கே நடந்திருக்கின்றன. அதனால் கம்பெனிப் பெயரை விடுங்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க அம்மாவுக்குப் பழக்குங்கள். கடைக்குக் கடை மாறாதது அதுதான்.

நடுநிசி:
அக்கா, குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் சாப்பிடுவது டெஸ்வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து. அதிலும் ‘எஸ்’ வருகிறதே, அதுவும் இடதா?

மாத்திரை அக்கா:
இல்லை, அது ‘டெஸ்’. நீக்கப்பட்டது என்று அர்த்தம். வென்லாஃபாக்சினிலிருந்து மீத்தைல் என்ற சின்னத் துண்டு ஒன்று போனால் கிடைப்பது அது. வென்லாஃபாக்சின் சாப்பிட்டால் நம் கல்லீரலே அந்தத் துண்டை வெட்டி இதை உண்டாக்கும். ஆகவே அந்த இரண்டையும் கூடத் தனித்தனி மருந்து என்று சேர்த்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பின்பனி:
அக்கா, ரொம்ப நன்றி. இன்று காலை மருத்துவரிடமும் போனில் கேட்டேன். பழையதை நிறுத்திய மறுநாளே புதியது, இடைவெளி வேண்டாம் என்றார். அம்மாவிடம் கையுறைக் கதையைச் சொன்னேன். இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, “அப்போ நான் இத்தனை நாளும் ஒரு கைக்கு வேலையில்லாமலா விழுங்கிக்கொண்டிருந்தேன்?” என்றார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியின் சின்ன எழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். மிச்ச அட்டையை என்ன செய்வது? குப்பையில் போடலாமா?

மாத்திரை அக்கா:
வேண்டாம். திரும்ப வாங்கி முறையாக அழிப்பார்களா என்று மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். அதுவரை அட்டையின் மேல் ‘நிறுத்தியது’ என்று பெரிதாக எழுதி வையுங்கள்.