மறு: 'டிரை சாக்கெட்' – உலர்குழியா, உறையிழப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பல் மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடி ஞானப்பல்லில் தொடங்கிய நம் இழை 'டிரை சாக்கெட்'டில் வந்து நிற்கிறது. பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தம் கழன்று, எலும்பு வெளியே தெரிந்து வலிப்பதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். முதலில், ஏறக்குறைய முடிவானவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஞானப்பல் என்ற சொல்லில் கைவைக்க வேண்டாம். 'மூன்றாம் கடைவாய்ப்பல்' எக்ஸ்ரே அறிக்கைக்கு நல்லது, பேச்சில் நிற்காது. 17 வயதுக்கு மேல், பெரும்பாலும் 25-க்குள் முளைப்பதால் லத்தீன்காரரும் அதை அறிவோடு சேர்த்தார்கள். துருக்கியில் அது இருபது வயதுப் பல். ஜப்பானியில் 'பெற்றோர் அறியாதது'. எல்லாமே வயதைத்தான் சொல்கின்றன. இடமில்லாமல் ஈறுக்குள்ளோ எலும்புக்குள்ளோ நின்றுவிட்ட பல்லுக்குப் 'புதைபல்' என்ற பரிந்துரை எனக்குப் பிடித்திருக்கிறது. பாதி வெளியே தெரிந்தால் அரைப்புதைபல் எனலாம்.

சரி, இடறும் சொல்லுக்கு வருவோம். 'டிரை சாக்கெட்'டுக்கு நண்பர் ஒருவர் சொன்னது:

> உலர்குழி என்றே வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் பொருந்துவதால்தான் எனக்குத் தயக்கம். 1896-இல் கிராஃபோர்டு என்ற பல் மருத்துவர் இதை விவரித்து எழுதிய நாள் முதல் நிலைத்த பெயர் 'டிரை சாக்கெட்'. குழிக்குள் பார்ப்பவரின் பார்வை அதில் இருக்கிறது: உறைந்த ரத்தம் நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் எலும்பு தெரிகிறது, ஆகவே உலர்ந்த குழி. பல்லைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கோ அதே சொல் 'காயவிடாதே, நனைத்து வை' என்று கேட்கிறது.

எனக்கு அப்படித்தான் கேட்டது. கீழ்த்தாடையில் படுத்துக்கிடந்த புதைபல்லை எடுத்த அன்று கொடுத்த தாளில் 'உலர்குழி ஏற்படாமல் கவனமாக இருக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. வேறு விளக்கம் இல்லை. அன்று மாலையே மணிக்கொரு தரம் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தேன். ஒருமுறை துப்பியபோது கருஞ்சிவப்பாக, வழவழவென்று ஒரு துண்டு வாஷ்பேசினில் விழுந்தது. அழுக்கு போயிற்று என்று நிம்மதியாகப் படுத்தேன். மூன்றாம் நாள் இரவு வலி தாடையிலிருந்து காதுக்கு ஏறியது, மாத்திரைக்கு அடங்கவில்லை. கைப்பேசி விளக்கை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால், குழியின் அடியில் சாம்பல் பூத்த வெள்ளையாக எலும்பு. அந்தக் குழி உலர்ந்துகூட இல்லை. எச்சில் தேங்கி நாற்றமடித்தது. மறுநாள் மருத்துவர் குழியை மெல்லக் கழுவி, மருந்து நனைத்த துணித்திரியை உள்ளே வைத்தார். ஒரு மணி நேரத்தில் வலி இறங்கியது. "ஆற வேண்டிய மருந்தை நீங்களே துப்பிவிட்டீர்கள்" என்றார்.

அவர் மருந்து என்றது அந்தக் கருஞ்சிவப்புத் துண்டைத்தான். பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக்கொள்ள வேண்டும். புதுத் திசு வளர்வது அதன் மேல்தான். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதே, உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்காதே, புகைக்காதே என்பதெல்லாம் அந்த மூடியைக் காக்கத்தான். மூடி போனது என்பதே நோய். நம் சொல்லும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், 'ரத்தக்கட்டு இழந்த குழி' என்ற பரிந்துரை. பொருள் சரி, சொல் ஆபத்து. அடிபட்டுக் கன்றிப்போன இடத்தைத்தான் நாம் ரத்தக்கட்டு என்கிறோம். அதைக் கரைக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். குழிக்குள் இருப்பதைக் கரைக்கக் கூடாதே! 'வெற்றுக்குழி' பரவாயில்லை, ஆனால் பல் எடுத்த எந்தக் குழியும் வெற்றுக்குழிதானே என்று கேட்டால் பதில் இல்லை. 'பொருக்குதிர்வு' என்று நானே சில நாள் எண்ணியிருந்தேன். பொருக்கைப் பிய்க்காதே என்று குழந்தைக்கும் சொல்கிறோம், உடனே புரியும். ஆனால் பொருக்கு காய்ந்தது, காலம் வந்தால் உதிர வேண்டியது. இது ஈரமாக இருந்து, உதிராமலே திசுவாக மாற வேண்டியது. கைவிட்டேன்.

என் பரிந்துரை: பற்குழி உறையிழப்பு. ரத்தம் உறைந்ததும் உறை, மூடிக் காப்பதும் உறை. இரண்டு பொருளும் இங்கே ஒருசேர உண்மை. வினையாகவும் புழங்கும்: 'குழி உறையிழந்துவிட்டது', 'உறை கழன்றுவிட்டது'. மருத்துவர்கள் தங்களுக்குள் எழுதப் பற்குழி எலும்பு அழற்சி என்ற சொல் இருக்கட்டும், இரண்டும் மோதாது.

'ரெகவரி டைம்' பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி. புண் 'ஆறுகிறது' என்ற நம் வினையே போதும். ஆறுகாலம் என்று சேர்த்தால் எண் ஆறு குறுக்கே வரும். 'ஆறும் காலம்' என்று பிரித்து எழுதுவோம். ஆனால் எது ஆறும் காலம் என்றும் சொல்ல வேண்டும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு ஒரு வாரத்தில் வடியும், ஈறு மூடச் சில வாரங்கள், குழிக்குள் எலும்பு நிரம்பப் பல மாதங்கள்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குக் கொடுத்த தாளில் இப்படி இருந்திருக்கலாம்:

'பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஓர் உறை உண்டாகும். முதல் நாள் கொப்பளித்தால் அது கழன்றுவிடலாம். மூன்று நான்கு நாளில் வலி குறையாமல் கூடினால் அது உறையிழப்பாக இருக்கலாம், உடனே வாருங்கள்.'

பல் எடுக்கப் போகும் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டி, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.