அரபிகளுக்கு அமெரிக்கா மேல் ஏன் இந்தக் கோபம்? நேரில் கேட்டதைச் சொல்லுங்கள்

கீழக்கரையான்:

லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "எல்லாம் மதம்தான்" என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிடுவார்கள். 2001 செப்டம்பரில் புஷ்ஷும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் பேசினார்: நம் சுதந்திரத்தை வெறுக்கிறார்கள் என்று. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அரபு நாடுகளில் பிழைத்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் வாயால் கேட்டதை எழுதுங்கள். டிவியில் பார்த்தது வேண்டாம்.

நான் ஜோர்டானில் இர்பித் பக்கம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தவன். நாங்கள் தைத்ததெல்லாம் அமெரிக்கக் கடைகளுக்குத்தான் போனது. பாய்லரையும் தண்ணீர் பிளான்ட்டையும் பார்த்துக்கொண்டவர் பாக்தாத்காரர், கெமிக்கல் இன்ஜினியர், அங்கே குடிநீர் நிலையத்தில் பொறுப்பில் இருந்தவர். சதாமைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மைத்துனரை விசாரணைக்கென்று கூட்டிப்போனவர்கள் திருப்பி அனுப்பவேயில்லை. ஆனால் பொருளாதாரத் தடையைப் பற்றி ஆரம்பித்தால் குரலே மாறிவிடும். 1990 ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் புகுந்த நாலு நாளில் ஐ.நா. போட்ட தடை, 2003 வரை நீடித்தது. தண்ணீரில் கலக்கக் குளோரின் கேட்டால், அதை வைத்து ஆயுதம் செய்வீர்கள் என்று இழுத்தடிப்பார்களாம். பம்புக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டாலும் அதே பதில். ஐ.நா. கமிட்டியில் அப்படி நிறுத்திவைத்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கா போட்ட முட்டுக்கட்டை. அவர் சம்பளம் மாதம் சில டாலருக்குத் தேய்ந்துபோனது. பாக்தாத்தின் புத்தகக் கடைத் தெருவான முத்தனபி தெருவில் படித்தவர்கள் எல்லாம் வீட்டுப் புத்தகங்களைத் தரையில் பரப்பி விற்ற காலம் அது. இவரும் காலேஜ் புத்தகங்களை விற்றுத்தான் மகளுக்குப் பால் பவுடர் வாங்கியிருக்கிறார்.

கம்பெனியில் அவர் எழுதுவதைப் பார்க்க வேண்டும். விரல் நுனி அளவுக்குத் தேய்ந்த பென்சில் துண்டைக் காலி பால்பாயிண்ட் குழாயில் செருகிப் பிடித்துக்கொண்டு ரீடிங் குறிப்பார். ஸ்டோரில் புதுப் பெட்டி இருக்கும், கேட்டு வாங்க மாட்டார்.

1996-ல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் மேடலின் ஆல்பிரைட்டிடம் டிவி பேட்டியில், தடையால் ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்ததாகச் சொல்கிறார்களே, இந்த விலை தகுமா என்று கேட்டார்கள். தகும் என்றே நினைக்கிறோம் என்றார். அந்த ஐந்து லட்சம் என்ற கணக்கு நம்பத்தக்கதல்ல என்று பிற்பாடு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படிச் சொன்னதற்கு ஆல்பிரைட்டும் பின்னால் வருந்தினார். இன்ஜினியருக்கு இரண்டும் தெரியும். "கணக்கு தப்பாகவே இருக்கட்டும். அந்த அம்மா அதை மறுக்கவில்லையே. சரி என்று வைத்துக்கொண்டுதானே தகும் என்றார்?" என்பார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

குவைத்வாசி:

கீழக்கரையான் பாய், சலாம். குவைத்தில் கதையே வேறு. 1990-ல் எங்கள் மாமா பாக்தாத் வழியாக ஜோர்டான் தலைநகர் அம்மான் போய் ஏர் இந்தியா பிடித்து உயிரோடு வந்து சேர்ந்தவர். நம் நாட்டு ஆட்கள் ஒரு லட்சத்துக்கு மேல் அப்படித்தான் மீண்டார்கள். என் அரபாப்பின் (முதலாளியின்) அண்ணனை அப்போது ஈராக் ராணுவம் பிடித்துப்போனது. அந்த மாதிரி காணாமல் போனவர்கள் சுமார் 600 பேர். பலருடைய எலும்புகள் 2003-க்குப் பிறகு ஈராக்கில் தோண்டிய புதைகுழிகளில்தான் கிடைத்தன. பிப்ரவரி 26, விடுதலை நாள் வந்தால் வீட்டில் ஆட்கள் கூடிப் பேசும் திவானியாவில் பெரியவர்கள் அமெரிக்காவை வாழ்த்தாமல் எழுந்திருக்க மாட்டார்கள். எந்த முஸ்லிம் நாட்டிலும் அமெரிக்காவைப் பிடிக்காது என்பவர்களை ஒரு நாள் அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

ஆனால் காசா போர் என் அரபாப்பையும் மாற்றிவிட்டது. 2023 கடைசியில் அமெரிக்க பிராண்ட் பாட்டில்கள் எதுவும் திவானியா ஃப்ரிட்ஜில் இருக்கக்கூடாது என்று அவர் பேத்தி எடுத்து வெளியே வைத்தாள். பெரியவர் தடுக்கவில்லை. அந்த டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் போர் நிறுத்தத் தீர்மானத்துக்கு 13 நாடுகள் கை தூக்கின, பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது, அமெரிக்கா மட்டும் வீட்டோ போட்டது. "எங்களுக்காகப் படை அனுப்பச் சொன்னது இதே சபைதானே" என்று அன்று இரவு அவர் கேட்டார். திவானியாவில் யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அந்தப் புறக்கணிப்பில் அமெரிக்கப் பெயர் போட்ட காபிக் கடையில் நின்ற எங்கள் ரூம் தம்பிக்கு வேலை போனது. தஞ்சாவூர்ப் பையன், வந்த கடனே அடையவில்லை.

மதுரை ராஜா:

எல்லாப் பழியையும் அமெரிக்கா தலையில் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரியாத் ஒர்க்‌ஷாப்பில் என்னோடு இருந்த ஹோம்ஸ் ஊர் சிரியாக்காரனுக்கும் அமெரிக்கா மேல் கோபம்தான். வந்ததற்காக அல்ல, வராததற்காக! ரசாயன ஆயுதம் எடுத்தால் அது சிவப்புக் கோடு என்று ஒபாமா 2012-ல் சொன்னார். 2013 ஆகஸ்டில் டமாஸ்கஸ் பக்கம் கூத்தாவில் விஷவாயுவில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அமெரிக்கா அப்போதைய சிரிய அதிபர் அசாதை அடிக்கவில்லை, ரஷ்யாவோடு பேசி ஆயுதங்களை ஒப்படைக்கச் செய்ததோடு முடித்துக்கொண்டது. வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம் என்றால் என்ன செய்வது? அந்த ஊர்களில் சொந்த ஆட்சியாளரைப் பேசினால் ஜெயில். அமெரிக்காவைத் திட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பக்கம் சத்தம் கூடுதல். இதையும் கணக்கில் சேருங்கள்.

தம்மாம் சிஸ்டர்:

ராஜா அண்ணா, நீங்கள் பிரித்துப் பார்க்கிற இரண்டு கோபமும் எகிப்துக்காரர்களுக்கு ஒன்றுதான். எங்கள் ஃபார்மசியில் இருக்கும் கெய்ரோ பெண் 2011-ல் அதிபர் முபாரக்கை எதிர்த்துத் தஹ்ரீர் சதுக்கத்தில் நின்றவள். போலீஸ் எறிந்த கண்ணீர்ப்புகைக் குப்பியைப் போட்டோ எடுத்து இன்னும் மொபைலில் வைத்திருக்கிறாள். பெரிதாக்கிக் காட்டினாள், அமெரிக்கத் தயாரிப்பு என்று பென்சில்வேனியா பெயரோடு அச்சிட்டிருக்கிறது. 1980-களிலிருந்து எகிப்து ராணுவத்துக்கு அமெரிக்கா வருஷத்துக்கு 130 கோடி டாலர் கொடுத்துவருகிறது. 30 வருஷம் முபாரக் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். "என்னை அடித்தவனைத் திட்டும்போது அவனுக்குத் தடி வாங்கிக் கொடுத்தவனை விட்டுவிடவா?" என்று கேட்கிறாள். அவள் தம்பி டெக்சாஸில் மேல்படிப்புப் படிக்கிறான். அதில் அவளுக்குப் பெருமைதான், அமெரிக்க மக்களைப் பற்றித் தப்பாக ஒரு சொல் வராது.

கீழக்கரையான்:

சிஸ்டர் சொன்னதுதான் நானும் பார்த்தது. ராஜா தம்பி, ஆள்பவர்கள் இந்தக் கோபத்தில் குளிர்காய்கிறார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. உங்கள் சிரியாக்காரரின் வருத்தத்தையும் நான் தள்ளவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்பதுதானே அவர் குறை? மதத்தை இழுக்கவில்லையே.

1919-ல் அமெரிக்க அதிபர் வில்சன் அனுப்பிய கிங்-கிரேன் குழு சிரியா, லெபனான், பாலஸ்தீனம் எல்லாம் சுற்றி மனு வாங்கியது. எங்களுக்குச் சுதந்திரம்தான் வேண்டும், யாராவது மேற்பார்த்தே ஆகவேண்டும் என்றால் அமெரிக்கா வரட்டும், பிரான்ஸ் வேண்டவே வேண்டாம் என்று பெரும்பாலோர் எழுதிக்கொடுத்தார்கள். அறிக்கையைக் கிடப்பில் போட்டு, 1922 வரை வெளியிடவே இல்லை. அதற்குள் பிரான்ஸ் டமாஸ்கஸில் உட்கார்ந்துவிட்டது. 1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாய் மீது பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் பாய்ந்தபோது அவர்களைப் பின்வாங்க வைத்தவர் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர். அன்றைக்கும் அங்கே இதே மதம்தான் இருந்தது.

துனிசியாவில் அரபு பாரோமீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2023-ல் கருத்துக்கணிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் காசா போர் மூண்டது. அக்டோபர் 7-க்கு முன் 40 சதவீதம் பேர் அமெரிக்காவை நல்லவிதமாகப் பார்த்தார்கள். மூன்றே வாரத்தில் அது 10 சதவீதம். அந்த மூன்று வாரமும் காசாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

ஏமன், லிபியா பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்த ஊர் ஆட்களோடு எனக்குப் பழக்கமில்லை. குவைத்வாசி, அந்தத் தஞ்சாவூர்த் தம்பிக்கு வேறு வேலை கிடைத்ததா?